தம்பிதுரை அடித்த பத்தொன்பது கோல்கள்

கால்பந்து காலால் ஆடப்படும் ஆட்டம் என்கிற மூடநம்பிக்கை, 1995-ஆம் ஆண்டு, சூலூருக்கு அடுத்த ஒரு நூற்பு மில்லில் அடியோடு ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர் டைம் ஆபீஸ் கிளார்க் கோபாலசாமி. அவருக்கு இதுவரை யாரும் சிலை வைக்கவில்லை. ஊர் அப்படித்தான் இருக்கும், என்ன செய்ய!

மில்லுக்கு அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்தது. வந்த அன்றைக்கே அதற்கு ஏ.சி. போட்டார்கள். பஞ்சுத் தூசியில் நின்று வேகிற தொழிலாளர்கள் ஃபேன் கேட்டுக் கொடுத்த மனு எட்டு வருஷமாகப் 'பரிசீலனையில்' இருந்தது. அது வேறு விஷயம். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போனால் வைரஸ் ஏறிவிடும் என்று பெர்சனல் மேனேஜர் மோகன்குமார் நோட்டீஸ் ஒட்டினார். கோபாலசாமி காந்திபுரத்தில் பதினைந்து நாள் கோர்ஸ் படித்து, ஸ்பிரெட்ஷீட் என்ற வித்தையைக் கற்று வந்தார். ஒரு கட்டத்தில் பேர், பக்கத்துக் கட்டத்தில் எண். கூட்டல், சராசரி எல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும். முதல் தடவை அது கூட்டிக் காட்டியபோது கோபாலசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"முதல்ல பழகறதுக்கு நம்ம ஃபுட்பால் டீமைப் போடுங்க கோபாலசாமி. தப்பானாலும் யாருக்கும் சேதாரமில்லை" என்றார் மோகன்குமார்.

அப்படித்தான் எல்லாப் பெரிய சேதாரமும் ஆரம்பிக்கிறது.

டீமில் பன்னிரண்டு பேர். கோபாலசாமி அவர்களை டோக்கன் நம்பர் வரிசையில் போட்டார். இருபது வருஷ சர்வீஸ் கோல்கீப்பர் நரசிம்மலு முதலில். கடைசி இருவரும் பதிலிகள்: பதினொன்றாவது தம்பிதுரை, பன்னிரண்டாவது ரசாக். பதிலி என்றால், காலையில் மில் கேட்டில் வந்து நிற்க வேண்டும். உள்ளே யாராவது லீவு போட்டால் அன்றைக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் சோற்றுத் தூக்குப்போசியோடு வீட்டுக்கு நடை. ரசாக் ஆறு வருஷமாக நின்றுகொண்டிருந்தான்.

அந்த மில்லில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சீசனில் அதிக கோல் அடிக்கும் பதிலிக்கு நிரந்தர வேலை. ரசாக் அந்த சீசனில் பத்தொன்பது கோல் அடித்திருந்தான். சோமனூர் மேட்சில் பத்தொன்பதாவது கோல் விழுந்தபோது, கோட்டோரம் நோட்டுப் புத்தகத்தோடு நின்ற கோபாலசாமி வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் குதித்தார். குதித்துவிட்டு, கோலை மட்டும் குறித்துக்கொண்டார்.

தம்பிதுரை வெள்ளகோவில்காரன். தங்கமான ஆள். ரிசர்வ் ஆட்டக்காரன் என்ற முறையில் எலுமிச்சம்பழம் அறுப்பது, மற்றவர்களின் வாட்ச்சைக் கையில் வரிசையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆகிய பொறுப்புகளை வகித்தான். அவன் கணக்கு: வந்த மேட்ச் பதினாலு, ஆடிய நிமிஷம் பூஜ்யம், கோல் பூஜ்யம்.

இத்தனையும் தப்பில்லாமல் ஏறிய பிறகுதான் மோகன்குமார் பிரிண்ட்டைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏனுங்க இது, பேரெல்லாம் கண்டபடி கெடக்குது? ஏ, பி, சி வரிசையில வரோணுமுங்க. அதுக்குத்தானுங்களே மிஷினு!"

கோபாலசாமி பேர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனைத் தட்டினார். ஆகா! பன்னிரண்டு பேரும் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி ஆங்கில அகரவரிசையில் போய் நின்றார்கள். எண்கள் மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை. 'ஆர்' முன்னால், 'டி' பின்னால். ரசாக் பதினொன்றாவது கட்டத்துக்கு ஏறிப் பதவி உயர்வு பெற்றான். தம்பிதுரை கடைசிக்கு இறங்கி, அங்கே காத்திருந்த பத்தொன்பது கோல்களையும் பெற்றுக்கொண்டான்.

அறிக்கை முதலாளிக்குப் போனது. "பிரமாதம்" என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

முதல் மெமோ கோல்கீப்பர் நரசிம்மலுவுக்கு. 'தாங்கள் இந்த சீசனில் ஆறு முறை ஆஃப்சைடு சென்றுள்ளீர்கள். மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

கோல் கம்பத்தை விட்டுப் பத்தடி நகராத மனிதர் அவர். ஆனால் இருபது வருஷ சர்வீஸில் ஒரு விஷயம் கற்றிருந்தார். மெமோ வந்தால் முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் யோசனை. 'குடும்பக் கஷ்டத்தினால் போய்விட்டேன். இனிமேல் போகமாட்டேன் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டரின் நாணயத்துக்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

தம்பிதுரைதான் கொஞ்சம் தகராறு செய்தான்.

"சார், நானு கிரவுண்டுக்குள்ளயே எறங்கலீங்க. அத்தனை கோலும் ரசாக்கு அடிச்சதுங்க."

மோகன்குமார் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா கோபாலசாமி, எத்தனை அடக்கம்! இன்னொரு கட்டம் சேருங்க. 'தன்னடக்கம்'. பத்துக்குப் பத்து போடுங்க."

அன்று மத்தியானம் கோபாலசாமி நோட்டுப் புத்தகத்தையும் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏ.சி. அறையிலும் முதுகு நனைந்தது. நேரே மேனேஜரிடம் ஓடினார்.

"சார், தப்பு நடந்து போச்சுங்க. பேரு நகுந்துச்சு, நம்பரு நகுரலீங்க. பேரைப் பழையபடி மாத்திப்போட்டா சரியாப் போயிருமுங்க."

மோகன்குமார் எழுந்து கதவைச் சாத்தினார்.

"முதலாளி கையெழுத்துப் போட்டுட்டாருங்க. அவரு தப்புன்னு சொல்றீங்களா?"

"ஐயோ, இல்லீங்க சார்."

"நானு தப்புங்களா?"

"சேச்சே."

"அப்ப நீங்கதானுங்களே மிச்சம்?"

மேனேஜர் குரலைத் தணித்தார். "பயப்படாதீங்க. ஷீட்டை மாத்த வேண்டாமுங்க. டீமை மாத்திப்போடுவோம். அடுத்த மாசம் உங்களைக் கம்ப்யூட்டர் ஆபீசர் ஆக்கறதுக்கு எழுதியிருக்கறேன். அந்த நோட்டு இங்கியே இருக்கட்டும், பத்திரமா."

கோபாலசாமி நோட்டை மேசை மேல் வைத்தார். நிர்வாகத் திறமை என்றால் என்ன என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் கோயமுத்தூரில் ஃபைனல். விஞ்ஞான முறையில் தேர்வான அணி களம் இறங்கியது. தம்பிதுரை சென்டர் ஃபார்வர்டு. ஆஃப்சைடு போகிற அளவுக்கு வேகம் உள்ளவர் என்று நிரூபணமானதால் நரசிம்மலு முன்வரிசையில். பேர் 'ஏ'யில் தொடங்கி நரசிம்மலுவின் முதல் கட்டத்துக்கு ஏறிய குற்றத்துக்காக வலது பேக் ஆட்டக்காரர் ஒருவர் கோல்கீப்பர் ஆனார். ரசாக் இரண்டு கைகளிலும் வாட்ச் கட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ரிஃபானாவும் வந்திருந்தாள். மேட்ச் முடிந்ததும் நிரந்தர வேலை ஆர்டர் கொடுப்பார்கள் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். பாவம்.

ஒன்பது கோல் வாங்கினார்கள். திருப்பி ஒன்றும் அடிக்கவில்லை. தம்பிதுரை இரண்டு தடவை பந்தைத் தொட்டான். ஒரு தடவை கையால்.

மோகன்குமார் துளியும் கலங்கவில்லை. "ஷீட்டு சொன்னது சொன்னபடி நடந்துச்சு பாத்தீங்களா? ரசாக்கு ஒரு கோல்கூட அடிக்கலை."

மேடையில் ஆர்டர் தம்பிதுரைக்குக் கொடுக்கப்பட்டது. வாங்கிய கையோடு அவன் பெஞ்சுக்கு வந்து ரசாக்கைக் கட்டிக்கொண்டு அழுதான். "நானு கேக்கலீடா ரசாக்கு. வேண்டாம்னு சொல்லோணும்னுதான் மேடையேறுனேன். ஊட்டுல மூணு புள்ளைக, வாயி வரலீடா." ரசாக் அவனவன் வாட்ச்சைக் கழற்றி அவனவனிடம் கொடுத்தான். ரிஃபானா அதற்குள் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை, 'கம்ப்யூட்டர் ஆபீசர்' என்ற புதுப் பலகைக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ரசாக் உள்ளே வந்தான். கோபாலசாமிக்கு அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, ஆபீசருக்குரிய கம்பீரத்தோடு பேசினார்.

"வா கண்ணு. உனக்குச் சந்தேகமிருந்தா நீயே பாத்துக்க. உன்ற பேருக்கு நேரா பூஜ்யம்னு தெளிவாப் போட்டிருக்குது. நாம ஆயிரம் சொல்லலாம். மிஷினு பொய் சொல்லுமா?"

ரசாக் குனிந்து திரையைப் பொறுமையாகப் பார்த்தான். பதினொன்றாவது கட்டம். அவன் பேர். பூஜ்யம். தலையை ஆட்டினான்.

"கம்ப்யூட்டரு மேல எனக்கு வருத்தமே இல்லீங்ணா" என்றான். "அது மேட்ச் பாக்க வரலை. நீங்க வந்தீங்க."