இடப்பக்கம் போன பொத்தான்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் அந்த வாரம் மீன் சந்தையைவிட, ஜின் ஓட்டும் சீதி ஸர்ரூக் வீட்டு வாசலில்தான் நெரிசல். ஆளாளுக்கு ஒரு கம்ப்யூட்டரைச் சுமந்து நின்றார்கள். திரையின் வலது மூலையில் இருக்கவேண்டிய தொடக்கப் பொத்தான் இடது மூலைக்குப் போய்விட்டால், உள்ளே ஜின் புகுந்துவிட்டதாம். வலக்கையால் உண்கிறோம், வலக்கால் வைத்து வீட்டுக்குள் நுழைகிறோம். இடப்பக்கம் யாருடையது என்று கேட்டார் சீதி. நியாயமான கேள்வி. ஜின்னுக்கும் பாழுங்கிணறு அலுத்துப்போயிருக்கும்.

வரிசையில் நஜ்லாவும் நின்றாள். கணவன் முன்சிஃபுக்கு நாற்பதாம் நாள் ஓதி முடித்திருந்தது. கடையில் வாங்கியபடியே திரையை விட்டுவைத்தவனில்லை அவன். தங்கள் ஒலிவத் தோப்பின் படத்தைப் பரப்பி, மரத்தடிக்கு ஒரு கோப்பாக நிறுத்தியிருந்தான். ஒரு மரத்தடியில் அவன் குரல் இருந்தது. துக்கத்துக்கு வந்த கொழுந்தன் தவ்ஃபீக் ஏதோ தட்டச்சு செய்துவிட்டுப் போனான். அன்றே எல்லாம் இடம் மாறின.

சீதி பார்த்தார், உச்சுக்கொட்டினார்.

"செத்தவருக்குக் கோபம், லல்லா நஜ்லா. உள்ள இருக்கிறது மொத்தத்தையும் அழிச்சாதான் அடங்குவார். பெரிய கேஸ். கடைசியில பார்க்கிறேன், உட்காருங்க."

அவன் குரலையுமா? ஆனாலும் நஜ்லா உட்கார்ந்து பார்த்தாள்.

சீதி ஒவ்வொரு திரையையும் பச்சைத் துணியால் மூடினார். துணிக்குள் தலையும் கையும் விட்டு ஓதினார். துணியை எடுத்தால் பொத்தான் வலப்பக்கம். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நஜ்லா மட்டும் எழுத்துகளைப் படித்தாள். நோயாளித் திரையெல்லாம் பிரெஞ்சு. குணமான திரையெல்லாம் அரபி. அரபி வலமிருந்து ஓடும் எழுத்து. திரையும் அதற்கேற்பத் திரும்பி நிற்கிறது. தவ்ஃபீக்குக்கு பிரெஞ்சில்தான் தட்டத் தெரியும்; மொழியை மாற்றிவிட்டு அப்படியே போயிருக்கிறான்.

அவள் எழுந்துபோய் சீதியின் சொந்தக் கம்ப்யூட்டர்மேல் பச்சைத் துணியைப் போர்த்தினாள். அவர் தடுக்க எழுவதற்குள் மொழியை பிரெஞ்சுக்கு மாற்றி, கணக்கிலிருந்து வெளியேறி, மறுபடி உள்ளே நுழைந்து துணியை உருவினாள்.

பொத்தான் இடப்பக்கம் நின்றது.

"உங்க வீட்ல யார் செத்தாங்க, சீதி?"

சீதிக்குத் தொழுகை நினைவு வந்தது. கொல்லைக் கதவு வழியாகப் போய்விட்டார்.

நஜ்லா தன் கம்ப்யூட்டரை அரபிக்குத் திருப்பினாள். கோப்புகள் தத்தம் மரத்தடிக்குத் திரும்பின. அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினால், அவள் முன்னால் புது வரிசை.

"லல்லா, உங்க கை ராசியான கை. இதையும் கொஞ்சம் தொட்டுக் குடுங்க."

"கம்ப்யூட்டரை அப்புறம் தொடலாம். முதல்ல அவங்கவங்க கழுத்துக்கு மேல தொட்டுப் பாருங்க, அங்க ஏதாவது இருக்கான்னு."