திலகத்தின் கருநாக்கு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. அடிப்பது உரம் விற்கும் நடராஜாதான் என்று திலகத்துக்கு எடுக்கும் முன்பே தெரியும்.

"கிள்ளான்லேருந்து நடராஜா பேசறேன். தொரை இருக்காரா?"

தொரை என்கிற மானேஜர் சிவானந்தம் பத்தடி தள்ளி, மூடிய கதவுக்குப் பின்னால்தான் இருந்தார். ஆனால் 'அந்த ஆளை நீங்களே பாத்துக்கங்க' என்று அவர் சொல்லியிருந்தார். முதலாளியின் நேரத்துக்கு நீதான் காவல் என்று செக்ரட்டரி வகுப்பிலும் ஆறு மாதம் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"சாருக்குப் பல்லு வலிங்க. குவாலா சிலாங்கூருக்கு டாக்டர்கிட்ட போயிருக்காரு."

போனில் 'டிக்' என்று ஒரு சத்தம். தோட்டம் இருந்த புக்கிட் ரோத்தான் பக்கத்துப் போன் லைனெல்லாம் அப்படித்தான். திலகம் போனை வைத்துவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மெச்சிக்கொள்ளவும் வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமையோடு அவளுடைய மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது. வேலை நிரந்தரம் என்கிற கடிதத்தை அவளே டைப் அடித்து சாரின் மேசையில் வைத்திருந்தாள். கையெழுத்து விழுந்தால் செக்ரட்டரி. விழாவிட்டால் அடுத்த வாரம் அம்மா நல்லம்மாளோடு விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் பால்மரக் காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பதினோரு மணிக்குத் தேநீரோடு கதவைத் தட்டினாள். அறையில் யாருமில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பின்கதவு லேசாகத் திறந்திருந்தது.

ஒரு மணிக்கு சார் முன்வாசல் வழியாக வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு.

"சார்! பல்லு வலியா?"

"இப்பத்தான் வலிக்குது" என்று குழறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தான் சொன்ன பல்வலிதான் திலகத்துக்கு ஞாபகம் வந்தது. சரி, ஏதோ பொருந்திப்போச்சு என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. உடம்பைப் பற்றிப் பேசினால்தானே வம்பு? சாரின் காரைப் பற்றிச் சொன்னாள்.

"சாரோட காடி ஜெராம்ல கெட்டுப்போய் நிக்குதாம்."

"நேத்து பல்லு, இன்னைக்குக் காடியா?" என்று நடராஜா சிரித்தார். டிக்.

மூன்று மணிக்கு ஆபீஸ் வாசலில் ஒரு மீன் லோரி வந்து நின்றது. அதிலிருந்து சிவானந்தம் சார் இறங்கினார். கால்சட்டை முழுக்கச் செதில். பின்னாலேயே டிரைவர் ராஜு, முழங்கைவரை கறுப்பு எண்ணெயோடு இறங்கி, திலகத்தை ஒரு முறை முறைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனான்.

திலகம் ஓடிப்போய்க் கிராணி சுப்பிரமணியத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். தோட்டத்துச் சம்பளப் புத்தகத்தோடு முப்பது வருடம் குப்பை கொட்டிய கணக்கர். பேனாவைக் கீழே வைத்தார்.

"நாக்கை நீட்டு."

நீட்டினாள். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தவர் சட்டென்று பின்னால் சாய்ந்தார்.

"ஓரத்துல மச்சம் இருக்கு! கருநாக்கு, திலகம். நீ சொன்னா பலிக்கும் லா."

"ஐயோ! இப்ப என்னங்க ஐயா பண்றது?"

"கெட்டது சொல்லாதே. சாமி காரியமாச் சொல்லு. சாமி காரியத்துல என்ன கெடுதல் வந்துடும்?"

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. புதன்கிழமை, சார் வேண்டுதலுக்கு மொட்டை போட பத்துமலைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னாள். டிக்.

சிவானந்தம் சாருக்கு அடர்த்தியான சுருட்டை முடி. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சட்டைப்பையில் எப்போதும் சீப்பு இருக்கும். நாலு மணிக்கு அவர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி வந்து நின்றார். பழக்கதோஷத்தில் சீப்பை எடுத்துத் தலைவரைக்கும் கொண்டுபோய், பேசாமல் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

திலகம் அழுதே விட்டாள். கிராணி தன் மேசையை அலமாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"என் பேரை மட்டும் வாயால சொல்லிடாதே, தாயே. எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க."

வியாழக்கிழமை உப்புத் தண்ணீரில் மூன்று தடவை வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். பத்து மணிக்குப் போன் அடித்தது. தொடவில்லை. பன்னிரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. உள்கதவு மெல்லத் திறந்தது. மொட்டைத் தலை எட்டிப் பார்த்தது.

"திலகம், போன் எடுக்கறதுதானே செக்ரட்டரிக்கு முதல் வேலை? நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும். யோசிக்க வெச்சிடாதீங்க."

அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எடுத்தால் சாருக்கு ஆபத்து. எடுக்காவிட்டால் வேலைக்கு ஆபத்து. விடியும்போது ஒரு வழி தோன்றியது. சாரைப் பற்றிப் பேசினால்தானே சாருக்கு ஏதாவது ஆகும்? தன்னைப் பற்றியே பேசிவிட்டால்?

வெள்ளிக்கிழமை. சரியாகப் பத்து மணி.

"நடராஜா பேசறேன். தொரைக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் புதுசு."

"அந்தப் பொண்ணு திலகம் எங்க?"

"அவங்க வேலையை விட்டுட்டாங்க."

"அடடே, எப்ப?"

"இன்னையோட."

டிக்.

திலகம் சாவித்துவாரம் வழியாகப் பார்த்தாள். சார் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்திருந்தார். பதினொன்று ஆயிற்று. அப்போதும் இருந்தார். தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஆனால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. போகட்டும், கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டதே! அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

டக்.

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், டக்.

மூடிய அறைக்குள் யாரோ டைப் அடித்தார்கள். அங்கே ஒரு பழைய மெஷின் உண்டு. ஆனால் இந்த மூன்று மாதத்தில் சார் அதன் மூடியைக்கூடத் திறந்ததில்லை.  அலமாரிக்கு மேலே கிராணியின் தலை எழும்பியது.

"நீ இன்னைக்கு என்ன சொன்னே?"

"சாரைப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலைங்க ஐயா. சத்தியமா!"

டக். டக். முக்கால் மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு ஓய்ந்தது. மணியடித்து ராஜுவை உள்ளே கூப்பிட்டார் சார். ராஜு வெளியே வந்தபோது கையில் ஓர் உறை இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே நீட்டினான்.

"இந்தா தங்கச்சி."

உறைமேல் அவள் பெயர் கோணல்மாணலாக அடித்திருந்தது. திலகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"சார் கையெழுத்துப் போட்டுட்டாரா அண்ணே?"

"போட்டாரு. கண்ணைத் தொடச்சுக்கிட்டே போட்டாரு."

"ஐயோ, நான் எப்படிப் பயந்தேன் தெரியுமா! எனக்குக் கருநாக்கு அண்ணே. பல்லு, காடி, மொட்டை, எல்லாம் நான் போன்ல சொன்னதுதான் அப்படியே பலிச்சிடுச்சு!"

ராஜு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"கருநாக்காவது வெள்ளைநாக்காவது! போன வருசம் தொரையோட சம்சாரத்துக்கு ஆபரேசன் நடந்தப்போ, இனிமே என் ஆபீஸ்லேருந்து ஒரு பொய்கூட வெளியே போகாதுன்னு முருகன்கிட்ட சத்தியம் பண்ணிட்டாரு. உள்ளே இருக்கிற இன்னொரு போன்ல நீ பேசறதைக் கேப்பாரு. உன்னைக் கண்டிக்க அவருக்குக் கூச்சம். 'ராஜு, காடியை எடு, அந்தப் பொண்ணு சொன்னதை உண்மையாக்கிடுவோம்'னு பின்வாசல் வழியா வந்துடுவாரு. நல்ல பல்லைப் புடுங்கச் சொல்லி டாக்டர்கிட்ட சண்டை போட்டாரு! நல்லா ஓடுற காடியை ஜெராம்ல நான்தான் கழட்டிப் போட்டேன்."

திலகம் உறையைப் பிரிக்காமல் அப்படியே நின்றாள்.

ராஜு தயங்கி, பரிதாபமாகக் கேட்டான்: "அது கெடக்கட்டும். நல்ல வேலையாச்சே தங்கச்சி, ஏன் திடீர்னு விட்டுட்டே?"