ஓடும்வரை வண்டி, நின்றால் கட்டடம்

உலகத்தில் வீடு கட்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கட்டி முடித்த வீட்டை, "இது கட்டடமே இல்லை" என்று ஒரு தோட்டத்துத் துரையின் வாயாலேயே சொல்ல வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் பெயர் துபாய்.

பெற்றவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருக்க வேண்டும். பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் அது தெரியாது. துபாய்க்குப் போய் வந்ததால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வாழ்நாளில் போன அதிக தூரம் நுவரெலியா, அதுவும் பல் பிடுங்க. போகும்போது ஏற்றத்தில் பஸ் நின்றுவிட, கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பஸ்ஸைத் தள்ளியிருக்கிறார். எங்கள் பாதையில் பஸ் ஏறுகிறவர்களுக்கு டிக்கெட் எடுக்கத் தெரியாவிட்டாலும் பஸ் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையில் ரோலருக்கு எண்ணெய் விடுவது அவர் வேலை. வாடிய கொழுந்தை வட்டமாகச் சுற்றிச் சுற்றி முறுக்கும் பெரிய இயந்திரம் அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, சுற்றாத எதைப் பார்த்தாலும் பழுதாகி நிற்கிறது என்றே தோன்றும். ஒரு தடவை கோயில் தூணை மெல்ல அசைத்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கியபடி போனதை நானே பார்த்தேன்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், கடைத்தெருவில் வாங்கிய கருவாட்டைச் சுற்றி ஒரு பத்திரிகைத் தாள் வந்தது. துபாயில் கட்டப்போகிற வானளாவிய மாடிக் கட்டடம் ஒன்றின் படம் அதில் இருந்தது. ஒவ்வொரு மாடியும் தனித்தனியாகச் சுழலுமாம். மாடிகளுக்கு நடுவே காற்றாடிகள் வைப்பார்களாம். வேண்டிய கரண்டைக் காற்றிலும் வெயிலிலும் கட்டடம் தானே எடுத்துக்கொள்ளுமாம். கருவாடு சட்டிக்குப் போனது, தாள் சுவருக்குப் போனது. அன்று தொடங்கியதுதான் அந்தப் பெயர்.

நான் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அவருக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்தேன். ஆகவே தாளை உரக்க வாசித்துக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன்.

"துபாய்ல செய்றான் மாஸ்டர். நமக்கு என்னா கொற? காத்து இல்லையா, தண்ணி இல்லையா?"

"அது வானத்த முட்டுற கட்டடம் அண்ணே."

"துபாய் எங்க இருக்கு? கடலோரத்துல. நாம எங்க இருக்கோம்? கடல் மட்டத்துல இருந்து நாலாயிரம் அடிக்கு மேல. நான் இங்க ஒரு கோழிக்கூடு போட்டாலும் அவன் கட்டடத்த விட ஒசரம்."

நான் புவியியலும் படிப்பிக்கிறவன். இப்படிப் பேசுகிறவரிடம் புவியியல் பேசக்கூடாது என்கிற அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

வெறும் கிறுக்கு என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவருடைய மனைவி பூரணி அக்காவுக்கு இழுப்பு. எங்கள் லயத்தில் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். எங்கள் பக்கத்துக்கு வாய்த்தது மண்மேடு. வெயில் பணக்காரச் சொந்தக்காரர் மாதிரி எப்போதாவது வாசல் வரை வரும், உட்காராமல் போய்விடும். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். மழை மாதங்களில் அக்கா மூச்சுக்குத் தவிப்பது என் காம்பரா வரை கேட்கும். வருடத்துக்கு ஒரு தடவையாவது கொழுந்து லொறியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். "வெயில் படுற அறையில இருக்கணும்" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்த மருந்து மட்டும் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் இல்லை.

துபாய் முதலில் காற்றை நம்பினார். லயத்துக் கூரையில் பெரிய தகரக் காற்றாடி ஒன்றை ஏற்றினார். அது மிக நன்றாகச் சுற்றியது. ஆடிக் காற்றில் சுற்றிய வேகத்தில் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய், யாரோ போட்டிருந்த கரட் பாத்தியில் இறங்கியது. தகரத்தைச் சுமந்துகொண்டு திரும்பியவரின் முகத்தில் வருத்தமே இல்லை.

"காத்துக்குப் பலம் இருக்கு மாஸ்டர். புத்திதான் இல்ல. தண்ணிதான் சரி."

லயத்துக்குப் பின்னால், ஓடைக்கரையில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. நாள் முழுக்க வெயில் விழும் இடம். அதன் நடுவில் பழைய லொறி அச்சு ஒன்றைச் செங்குத்தாக நட்டார். அதன்மேல் தகரச் சுவர் வைத்த ஓர் அறை, அறைக்கு ஒரு கதவு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஜன்னல். அறையின் தலையில் ஏணி வைத்து ஏறும் பரண். அதை மாடி என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோபம் வரும். அடியில் வட்டமாக, உருளுவதற்குச் சில்லுகள். ஓடையில் பீப்பாயை வெட்டிச் செய்த தண்ணீர்ச் சக்கரம். அதையும் வீட்டையும் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய பெல்ட்டுகளும் பல்சக்கரங்களும் இணைத்தன. வீடு ஒரு நாளைக்கு ஒரு சுற்றுச் சுற்றும். ஜன்னல் சூரியனைப் பார்த்தபடியே போகும். அதே சக்கரத்தில் ஒரு டைனமோவையும் மாட்டி ஒரு பல்பு எரித்தார். அந்தப் பல்பு எரிவதைப் பார்க்க நெருப்புக்குச்சி கிழிக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

பூரணி அக்கா அங்கே குடிபோன மூன்றாம் வாரம், ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் இருமாமல் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உடனே கண்டாக்கு வந்துவிட்டார். மலையில் வேலையை மேற்பார்ப்பவர் அவர். தோட்டத்துக் காணியில் அனுமதி இல்லாமல் எதுவும் கட்டக்கூடாது என்பது சட்டம். கோழிக்கூட்டுக்கே விசாரணை நடக்கும்.

"யாரக் கேட்டு இந்தக் கட்டடத்தக் கட்டுன?"

"கட்டடம்னா ஒரு எடத்துல நிக்கணுங்களே ஐயா. இது நிக்காதுங்க."

"அப்ப என்ன இது?"

"வண்டிங்க."

கண்டாக்கு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு போய்த் தோட்டத்து நிர்வாகியான துரையைக் கூட்டி வந்தார். துரை சிங்களவர். தமிழைக் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கற்றவர், ஆகவே அவர் தமிழில் கட்டளைகள் மட்டும்தான் உண்டு. ஒரு சிகரட் முடியும்வரை ஜன்னலையும் அதற்கு நேரே இருந்த தேயிலைச் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னல் செடியை விட்டு விலகியிருந்தது. துரையின் மீசை லேசாக அசைந்தது.

"ஓடுற வரைக்கும் வண்டி. நின்னா கட்டடம். கட்டடம்னா ஒடைக்கிறது. கண்டாக்கு, எல்லா நாளும் பாக்கிறது!"

மறுநாள் முதல் கண்டாக்கு சோக்குக் கட்டியுடன் வரத் தொடங்கினார். காலையில் கதவுக்கு நேரே பாறையில் ஒரு கோடு போடுவார். மாலையில் வந்து குனிந்து பார்ப்பார். கொழுந்து நிறுக்கும்போதுகூட அவர் முகத்தில் அவ்வளவு கவனத்தை நான் கண்டதில்லை.

ஓடும் வண்டியில் குடும்பம் நடத்துவதில் சில சங்கடங்கள் இருந்தன. அக்கா வாசலில் போட்ட கோலம், பகல் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் தனியாகக் கிடக்கும். மாலையில் அவர்கள் ஜன்னல் என் குசினிக்கு நேரே வரும். நான் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுகிறேன் என்பது லயம் முழுக்கத் தெரிந்துபோனது. பூசாரி ஒருநாள் வந்து, சாமி படம் கிழக்கைப் பார்க்க வேண்டும் என்று கண்டித்தார்.

"காலைல கிழக்கதாங்க பாக்குது. அப்பறம் மத்த தெசையையும் ஒரு பார்வ பாக்குது. ஒங்க கோயில் சாமிதான் பாவம், ஒரே பக்கம்."

பூசாரி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

உடப்புசல்லாவையிலிருந்து அக்காவின் அண்ணன் வந்த கதைதான் பெரிய கதை. புதுச் சப்பாத்தைக் கதவடியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். சாப்பிட்டார், மாடியில் படுத்து ஒரு தூக்கம் போட்டார். மாலையில் கொட்டாவி விட்டபடி கதவைத் திறந்து காலை வைத்தார். கால் ஓடைக்குள் போனது.

"எஞ் சப்பாத்து எங்க? லயத்து ஆளுங்க புத்தியக் காட்டிட்டீங்களா?"

லயமே திரண்டு சண்டைக்கு வந்தது. கடைசியில் சப்பாத்து வீட்டின் மறுபக்கத்தில், வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. நகர்ந்தது கதவுதான். "இந்த வீடு நிக்கிற அன்னிக்குத்தான் இனிமே வருவேன்" என்றார் அண்ணன்.

"நின்னா ஒடச்சிருவாங்க அண்ணே" என்றார் பூரணி அக்கா. "நீங்க வராட்டிப் பரவால்ல."

மாசியில் பனி கொட்டியது, மழை இல்லை. ஓடை நூலாக இளைத்தது. ஒரு மாலை கண்டாக்கு குனிந்து பார்த்தபோது, காலையில் போட்ட கோடு கதவுக்கு நேரேயே இருந்தது. அவர் தலையைச் சொறிந்தார்.

"நின்னுருச்சே. காலைல வந்து பாப்பேன். அப்பவும் இப்பிடியே இருந்தா தொரைகிட்ட சொல்லணும். எஞ் சோலி அது, என்னா செய்ய?"

துபாய் மாடிக்கு ஏறி உட்கார்ந்துகொண்டார். கீழே அக்கா சட்டி பானைகளைச் சாக்கில் போடத் தொடங்கினார், பழைய ஈரக் காம்பராவுக்குக் கொண்டுபோக.

விடிந்ததும் கூடையும் கையுமாகப் பெண்கள் பெரட்டுக்குப் புறப்பட்டார்கள். முன்னால் வந்த தெய்வானை அக்கா பாறைக்கருகில் நின்றார்.

"என்னாடி பூரணி, வண்டி ஸ்டாட் எடுக்கலையா?"

பூரணி அக்கா சாக்கைக் காட்டினார். தெய்வானை அக்கா கூடையை இறக்கி வைத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தகரச் சுவரில் தோளைக் கொடுத்தார்.

"பஸ்ஸத் தள்ளுறதில்லையா நாம? வாங்கடி! மாஸ்டர், கையக் கட்டிக்கிட்டு நின்னா புள்ளைங்களுக்கு என்னாத்தச் சொல்லிக் குடுப்பீங்க?"

மடிப்புக் கலையாத சட்டையோடு நானும் தோளைக் கொடுத்தேன். வீடு ஒரு முனகல் முனகிவிட்டு நகர்ந்தது. மாடியிலிருந்து துபாயின் தலை வெளியே வந்தது.

"மெதுவா, மெதுவா! சூரியன முந்திராதீங்க!"

அந்த நேரம் பார்த்து கண்டாக்கு வந்து நின்றார்.

"தண்ணில ஓடும்னு சொன்னியே?"

துபாய் ஏணியில் இறங்கி வந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"துபாய்லயும் இப்பிடித்தாங்க ஐயா. காத்து, வெயில், கெடைக்கிறத வச்சி ஓடும். இங்க இவங்க கெடைக்கிறாங்க. நாளைக்கும் கெடைப்பாங்க. தீந்து போகாதுங்க."

கண்டாக்கு பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோட்டைக் குனிந்து பார்த்தார். "ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை வரும்வரை அப்படியே நடந்தது. வேலைக்குப் போகும்போது ஒரு தள்ளு, பகல் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தள்ளு, வேலை முடிந்து ஒரு தள்ளு. தோள் வலிக்கிறது என்று நான் தினமும் முணுமுணுத்தேன், தினமும் போனேன். நடுவில் ஒருநாள் கடைத்தெருக் கோயில் தேருக்கு லயமே போய்விட்டது. துபாயும் அக்காவும்கூட வந்திருந்தார்கள். பாதி வழியில்தான் வீட்டு ஞாபகம் வந்து, பதறி அடித்துத் திரும்பினோம். ஜன்னல் மேற்கே, இறங்கும் வெயிலைப் பார்த்தபடி இருந்தது. மறுநாள் காலையில் சோக்குக் கட்டியுடன் வந்த கண்டாக்கின் வெள்ளைச் சட்டைத் தோளில் துரு ஒட்டியிருந்தது. அக்கா அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்தார்.

அந்த வருட மழையில் கொழுந்து லொறி கொழுந்தை மட்டும்தான் ஏற்றியது.

சில வருடங்கள் கழித்து அவர்களுக்கு வெயில் படும் மேட்டில் உண்மையான வீடு ஒன்று கிடைத்தது. பார்க்கப் போனேன். அக்கா வாசலில் கோலம் போட்டிருந்தார். மாலையானபோதும் அது வாசலிலேயே இருந்தது. துபாய் மட்டும் சுவரில் சாய்ந்து வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நிக்கிற வீட்ல இருந்தா மயக்கமா வருது மாஸ்டர்."

நான் இப்போது நுவரெலியாவில் இருக்கிறேன். கல்லும் சீமெந்தும் போட்டுக் கட்டிய வீடு. பின்னேரமானால் முன்னறையை விட்டு வெயில் போய்விடும். வீட்டில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, சுவரில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளிப் பார்க்கிறேன்.