பொட்டு வைத்த டெக்கு

1986 ஜூன் 14, சனிக்கிழமை, மாலை 5.40. ஸ்ரீரங்கத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. வானத்தில் மூன்று மேகங்கள், மூன்றும் மழைக்கு லாயக்கற்றவை. நான் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக, எங்கள் கூடத்தில் ஒரு வாடகை வீடியோ டெக்கின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஞானராஜ் என்று ஓர் அதிகாரி. பாலக்கரைக்காரர். கோப்பில் ஒரு காற்புள்ளி குறைந்தாலும் திருப்பி அனுப்புவார். ஆனால் எழுபதுகளின் ஆங்கில ராக் இசை என்றால் உருகிவிடுவார். என் தகுதிகாண் பருவம் முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது. என்னை நிரந்தரமாக்கும் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அந்த வாரம் டீ நேரத்தில் ஒரு குழுவின் பெயரைச் சொல்லி, “கேட்டிருக்கீங்களா, சாரங்கன்?” என்றார். நான் அதுவரை கேட்டிருந்த ஆங்கிலப் பாட்டுகள் மொத்தம் இரண்டு. அதில் ஒன்று பள்ளிக்கூடப் பிரார்த்தனை.

“உயிர், சார்” என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. (வலது கண்ணில் ஒரு சொட்டு, இடதில் அரை.) மறுநாளே ஒரு கேசட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அந்தக் குழுவின் கச்சேரிப் படம், 118 நிமிடம். சிங்கப்பூரில் இருக்கும் அவர் தம்பி பதிவு செய்து அனுப்பியது.

“பதினோரு வருஷமா இந்த ஆபீஸ்ல இதைப் பத்திப் பேச ஒரு ஆள் இல்ல. சனிக்கிழமை பாருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க, சேர்ந்து பார்ப்போம். முப்பத்திரெண்டாவது நிமிஷத்துல ஒரு கிடார் வரும். அதைக் கண்ணை மூடிட்டுக் கேளுங்க.”

வீடியோ கடைக்காரர் டெக்கைக் கொண்டுவந்து எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் இணைத்தார். முன்பக்கம் ஐந்து பட்டன்கள். “இடமிருந்து ரெண்டாவதை அமுக்கினா படம் ஓடும், சார். செவப்புப் புள்ளி இருக்கிற பட்டனை மட்டும் தொட்டுடாதீங்க. அது ரெக்கார்டு. உள்ள இருக்கிறது அழிஞ்சிடும்.” நான் அதை ஒரு காகிதத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுக்கொண்டேன். பிறகு கைகால் அலம்பப் போனேன். போய்வர ஏழு நிமிடம்.

எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக நுழையும் எந்த இயந்திரமும் பொட்டில்லாமல் இருந்ததில்லை. சைக்கிளுக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு. டெக்கு இருபத்துநாலு மணி நேர விருந்தாளி என்பதெல்லாம் அம்மாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆயுத பூஜையில் கை படுகிற இடத்துக்கெல்லாம் வைப்பதுபோல, ஐந்து பட்டனிலும் சந்தனம் வைத்து, சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்திருந்தாள். ஐந்து பட்டன், ஐந்து சிவப்புப் புள்ளி.

“அம்மா, இது நம்மளுது இல்லே.”

“ஆத்துக்குள்ள வந்துடுத்தோல்லியோ. ஷாக் அடிக்காம இருக்க வேண்டாமா?”

துடைத்தால் ஈரச் சந்தனம் உள்ளே இறங்கிவிடும் என்று விட்டுவிட்டேன். (துடைத்தால் அம்மா அழுவாள் என்பதும் ஒரு காரணம்.) இடமிருந்து இரண்டாவதை அமுக்கினேன். படம் ஓடியது.

பார்வையாளர்கள் நான், அம்மா, முசிறியிலிருந்து பெருமாள் சேவிக்க வந்திருந்த மாமா. மாமாவுக்கு அங்கே நாலு ஏக்கர் வாழை.

“எல்லாருக்கும் இவ்வளவு முடி. ஏதாவது வேண்டுதலா இருக்குமோ?” என்றாள் அம்மா.

“பாடறவன் எங்கேடா?” என்றார் மாமா.

“அவன்தான், மாமா.”

“அவன் யாரையோ திட்டறான்னா.”

மேளக்காரன் சட்டையைக் கழற்றினான். அம்மா பொறுத்துக்கொண்டாள். “நம்மாத்துப் புருஷாளும்தான் சட்டை போடறதில்லே. ஆனா இப்படித் துள்றதில்லே.” முப்பத்தோராவது நிமிடத்தில், கூட்டத்தில் ஒரு பெண் யாரோ ஒருவன் தோள்மேல் ஏறிக்கொண்டு தன் மேல்சட்டையின் பட்டன்களை அவிழ்க்கத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. (நான் எண்ணியதாக அம்மா கடைசிவரை சொன்னாள். எண்ணுவது என் சுபாவம்.) மூன்றாவதற்குள் டெக்கின் மேல் பாய்ந்து கைக்குக் கிடைத்த பொட்டை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துப் பொட்டையும் சேர்த்து அமுக்கினேன்.

திரையில் ஒரு வாழைத்தோப்பு தோன்றியது.

தூர்தர்ஷனில் விவசாய நிகழ்ச்சி. ஆபத்துக் காலத்தில் மூளை எப்படி வேலை செய்கிறது பார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாவது பொட்டுக்குக் கை போனபோது மாமா தடுத்தார். “தொடாதேடா. இது என் தோப்புல இருக்கற வியாதி.” இருபத்திரண்டு நிமிடம் நாங்கள் வாழைக் கிழங்கு அழுகலைப் பார்த்தோம். டெக்கின் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையும் அம்மா வைத்த பொட்டு என்றே நினைத்தேன்.

அவர்கள் எழுந்து போனபின், பொட்டுகளை மாற்றி மாற்றி அமுக்கி மீதிக் கச்சேரியை வரவழைத்துப் பார்த்தேன். விட்ட இடத்திலிருந்துதான் தொடர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகத்தான் கேட்டன.

ஞாயிறு மாலை பாலக்கரை. ஞானராஜ் சார் வெள்ளைச் சட்டையில் காத்திருந்தார். சமையலறையிலிருந்து அவர் மனைவி ஸ்டெல்லா அம்மாள் காபி கொண்டுவந்தார்.

“அந்தக் கிடார்?” என்றார் சார், குரலைத் தாழ்த்தி.

“அழுதுட்டேன், சார்.”

அவர் என் தோளைத் தொட்டார். கேசட் ஓடியது. முப்பது நிமிடம் சுகமாகப் போயிற்று. பிறகு, “வருது. கண்ணை மூடுங்க, சாரங்கன்” என்றார். இருவரும் மூடினோம். அந்த இருட்டில், நிதானமான ஓர் ஆண் குரல் சொன்னது: “கிழங்கு அழுகிய கன்றுகளை வேரோடு தோண்டி எடுத்து அப்புறப்படுத்த வேண்டும்.”

நான் கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே கண் தெரியாமல் போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

“சாரங்கன்.”

“சார்.”

“இதுக்கா அழுதீங்க?”

பொட்டு வைத்த கதையைச் சொன்னேன். பாதியிலேயே ஸ்டெல்லா அம்மாளின் குரல் குறுக்கிட்டது. “கொஞ்சம் சும்மா இருங்க ரெண்டு பேரும். நிறுத்திடாதீங்க. நம்ம கொல்லையில அஞ்சு மரமும் இப்படித்தான் சாயுது.” பேனாவும் காகிதமும் எடுத்துவந்து உட்கார்ந்து, மருந்தின் அளவை எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு நிமிடமும் சார் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

ஜூன் 30 அன்று கோப்பு திரும்பி வந்தது. தகுதிகாண் பருவம் இருபத்திரண்டு நாள் நீட்டிப்பு. காரணம்: இயந்திரங்களைக் கையாள்வதில் கூடுதல் கவனம் தேவை.

“பொய் சொன்னதை எழுதல” என்றார் சார். “எழுதியிருந்தா நிமிஷத்துக்கு ஒரு மாசம் ஆகியிருக்கும்.” பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சீப்புப் பூவன்பழத்தை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். “மருந்து வெச்சதுல சாயாம நின்ன ஒரே மரம். ஸ்டெல்லா கொடுக்கச் சொன்னா.” பதினான்கு பழம்.

என் மனைவி அதன்பின் மூன்று வருடம் கழித்து இந்த வீட்டுக்கு வந்தவள். இதில் எதையும் பார்க்காதவள். ஆனாலும் நான் ஒரு கச்சேரியில் தலையாட்டினால் போதும், பக்கத்து நாற்காலியிலிருந்து, “இதுக்கா அழுதீங்க?” என்பாள். இப்போது பேத்தியும் சொல்கிறாள். அவளுக்கு நாலு வயது.

ஜூலை முதல் தேதிக்குள் நிரந்தரமாகாததால் என் வருடாந்திரச் சம்பள உயர்வு அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போய் மூன்று மாதம் பின்தங்கியது. ஓய்வு பெறும்வரை வருடாவருடம் அப்படியே பின்தங்கி வந்தது. ஓய்வு பெற்ற அன்று மாலை உட்கார்ந்து, டெக்கு வாடகை அறுபதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். ரூ. 11,846.50.