கஞ்சி குடித்த தையல் மிஷின்

தொங்குகிற நூலைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற ஆள் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் இன்னும் பிறக்கவில்லை. புடவையில் ஓர் இழை பிசிறி நின்றால் போதும், பேச்சு ஒரு பக்கம் நடக்கும், கை தானாக அதனிடம் போய்விடும். நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கிற கைகள் அவை. விசேஷ வீட்டுக்குப் போனாலும் அவற்றுக்கு லீவு கிடையாது. நானும் நெசவுக்காரர் வீட்டில் பிறந்து நெசவுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்தான். இதெல்லாம் தெரிந்தும், நூல் தொங்கும் கவுனை என் மகளுக்கு மாட்டி, கூடம் நிறைய நெசவாளர்கள் இருந்த இடத்தில் உட்கார வைத்தேன்.

பெரியவள் மல்லிகாவுக்கு அப்போது காதுகுத்து. தறியில் இருந்த கல்யாணப் புடவை முடிந்ததும், நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் மிஞ்சியதில் குழந்தைக்கென்று ஒரு துண்டுப் பட்டு நெய்து தந்தார் என் வீட்டுக்காரர். மாம்பழ மஞ்சள், ஓரத்தில் கிளிப்பச்சை. கெட்டுப்போனால் மறுபடி கிடைக்காது. அந்தப் பாவு அதோடு தீர்ந்துவிட்டது. "நீதான் தெக்கணும்" என்று என் கையில் கொடுத்தார். மருமகள் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், தையல் வகுப்பில் முதல் பரிசு வாங்கினவள், சீதனமாகத் தையல் மிஷினோடு வந்தவள் என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். (முதல் பரிசு இல்லை, ஆறுதல் பரிசு. அதைத் திருத்த எனக்குச் சரியான நேரம் அமையவே இல்லை.)

நான் கொஞ்சம் பயந்த சுபாவம். கதவுக்குத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தால் எழுந்து போய்ப் பார்ப்பேன். குழந்தை அசந்து தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைப்பேன். அதில் அது விழித்துக்கொள்ளும். மிஷினிடமும் அதே கதைதான். மேல்நூல் இரண்டு சின்னத் தட்டுகளுக்கு நடுவே போகும். பக்கத்திலிருக்கும் திருகாணியை முடுக்கினால் தட்டுகள் நூலை இறுக்கிப் பிடிக்கும். தையல் தளர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு முடுக்கு முடுக்கினேன். அடுக்களைக்குப் போகையில் ஒன்று, திரும்புகையில் ஒன்று. கடைசியில், ஒத்திகைக்குப் பழைய வேட்டியில் தைக்க உட்கார்ந்தால், மிதித்த வேகத்திலேயே நூல் பட்டென்று அறுந்தது.

"இன்னாமா, சும்மா சும்மா அறுந்துக்கினே இருக்குது?" என்று மாமியார் வந்து நின்றார்.

"நூல் சரியில்ல போலக்குது, அத்தை."

"கஞ்சி போட்டியா?"

"தையல் நூலுக்கா?"

"நூல்னா நூலுதானே. கஞ்சி போடாத இழை அறுவாம இன்னா செய்யும்?"

எனக்கு எதிலும் சந்தேகம் வரும். குழம்புக்கு உப்புப் போட்டேனா, போட்டதற்குமேல் போட்டேனா என்று நாளெல்லாம் யோசிப்பேன். அன்றைக்கு மட்டும் சந்தேகமே வரவில்லை. பொழுது விடிந்தால் எங்கள் தெருவில் பாவை நீளமாக நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி உலர்த்துவார்கள். அப்புறம் அது தறியில் அவ்வளவு சுலபமாக அறுவதில்லை. பட்டு கேட்பதை நூல்கண்டு கேட்காதா என்று எனக்கும் தோன்றிவிட்டது.

நூல்கண்டைப் பிரித்து, வாசல் கம்பத்துக்கும் தெருமுனை வேப்பமரத்துக்கும் போய்ப்போய்த் திரும்பிக் கட்டினோம். எலும்பும் தோலுமாக ஒரு பாவு தெருவில் நின்றது. மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கஞ்சி தடவினார். எதிர்வீட்டுக் கன்னியப்பன் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா பெரிம்மா, இந்தப் பாவுல யாருக்குப் புடவை? கொசுவுக்கா?"

"எங்க மருமக தெக்கறதுக்குப்பா. படிச்ச பொண்ணு" என்றார் மாமியார், அதற்குமேல் விளக்கம் எதற்கு என்பது போல.

உலர்ந்த நூலைக் கோத்து மிதித்தேன். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு அறுவதே இல்லை, மிஷின் கடகடவென்று ஓடியது. மாமியார் முகத்தில் அப்படியொரு பெருமை. உள்ளே நடந்தது வேறு. உதிர்ந்த கஞ்சி அந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவே கட்டியாக உட்கார்ந்து, அவற்றை மூடவிடாமல் வாயைப் பிளந்து வைத்துவிட்டது. (இது அன்றே தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.) பிடிக்க ஆளில்லாத மேல்நூல் துணிக்கு அடியில் சுருள் சுருளாக இறங்கியது. மேலே பார்த்தால் முத்துக் கோத்த மாதிரி தையல். திருப்பிப் பார்த்தால் ஆட்டுக்குட்டி முதுகு.

அடியில் சுருள் விழுந்தால் குற்றம் அடிநூலுடையது என்று என் படிப்பு சொன்னது. அடிநூல் சுற்றியிருக்கும் பாபினின் திருகாணியை முடுக்கினேன். சுருள் போகவில்லை. இன்னும் முடுக்கினேன். அடிநூல் விறைத்துப்போய், சுருள்களுக்கு ஊடே செருகிய கம்பி மாதிரி நேராகப் படுத்துக்கொண்டது. பிரித்துத் தைக்கலாமா? பிரித்தால் பட்டில் ஊசித் துளை தெரியுமே. தெரியாமலும் போகலாம். ஒருவேளை தெரிந்துவிட்டால்? இப்படி யோசித்துக்கொண்டே மிதித்ததில் கவுன் தைத்து முடிந்துவிட்டது. அக்குளில் அந்த அடிநூலின் நுனி ஒன்று விரல் நீளத்துக்கு வெளியே நின்றது. வெட்டினால் பிரிந்துவிடுமோ என்று பயந்து, வெட்டாமல் விட்டேன்.

காதுகுத்து அன்று, பக்கத்து ஊர் ஓரிக்கையில் தறி வைத்திருக்கும் என் அண்ணன் தாய்மாமன் முறைக்கு மல்லிகாவை மடியில் வைத்துக்கொண்டார். மொட்டைத் தலையில் சந்தனம். பத்தர் தங்கக் கம்பியைத் துடைத்தார். அதைப் பார்த்துக் குழந்தை உதட்டைப் பிதுக்கியது. அப்போதுதான் அண்ணனின் கண் அக்குளில் விழுந்தது.

"வசந்தா, நூலு தொங்குது பாரு."

"இருக்கட்டும்ணா, வுடு."

அவரால் விட முடியாது. இழுத்தார், வந்தது. எங்காவது நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் இன்னும் இழுத்தார். ராட்டையில் சுற்றலாம் போல வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கவுனின் இடது கை தனியாக அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

"இன்னாமா இது?" என்றார், அதைத் தூக்கிப் பிடித்தபடி.

"குடு மச்சான், நான் பாக்கறேன்" என்று என் வீட்டுக்காரர் வந்தார். சரிசெய்ய வந்தவர் கண்ணில் இடுப்பில் இருந்த இன்னொரு நுனி பட்டது. பாவாடைப் பாகம் சரிந்தது. "முதுகுல ஒண்ணு நிக்குது பாருண்ணா" என்று கன்னியப்பன் கையை நீட்டினார்.

வயிற்றில் நூல் ஊர்ந்துபோகும் ஒவ்வொரு தடவையும் மல்லிகா கெக்கெக்கே என்று சிரித்தாள். பத்தர் சமயம் பார்த்து ஒரு காதைக் குத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறு காதும் ஆயிற்று. இழுக்க நூல் தீர்ந்துபோனதும்தான் அழுதாள், அண்ணனின் துண்டுக்குள்ளே இருந்து.

நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "கஞ்சி போட்டுமா இப்படி ஆச்சு?" என்று மாமியார் கூடத்தைப் பார்த்து உண்மையான வருத்தத்தோடு கேட்பது காதில் விழுந்தது.

"அந்தக் கொசுப் பாவா பெரிம்மா இது?" என்றார் கன்னியப்பன். அப்புறம் எழுந்த சிரிப்பில் இலை போடவே நேரமாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுக்களைக்கு வந்து அவற்றை என்னிடம் நீட்டினார்.

"துணிக்கு ஒண்ணும் ஆவல. ஓர் இழை கூட நலுங்கல. நீ வெட்டினபடியே இருக்குது. மறுபடியும் தை."

மறுநாள் பழைய துணியை மடித்துத் தட்டுகளுக்கு நடுவே விட்டு இழுத்தேன். காய்ந்த கஞ்சி பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. (எறும்புகள் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தன.) இரண்டு திருகாணிகளையும் தளர்த்தினேன். மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று நூல் கோத்து வேட்டியில் தைத்தேன். மேலே வெள்ளை எட்டிப் பார்க்காமலும் கீழே சிவப்பு எட்டிப் பார்க்காமலும் இருக்கும் இடம் வந்ததும் கையை எடுத்தேன். அன்றிலிருந்து அடுக்களைக்கு மிஷின் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். மறுபடி தைத்த அந்தக் கவுனோடுதான் மல்லிகா கருடசேவை பார்த்தாள். போகிற வழியெல்லாம் அவளை யாரும் தொடாதபடி மாமியார் பார்த்துக்கொண்டார்.

இப்போது சின்னவளுக்குக் காதுகுத்து. மாமியார் வீடு வீடாக அழைத்துவிட்டு வந்தார். "எல்லாரும் கையக் கட்டிக்கினு வாங்க, வசந்தா தெச்சிருக்கா" என்பதுதான் அழைப்பு. அண்ணனோ, "இந்தக் குட்டியும் அழுவக் கூடாதுன்னா எதுனா தொங்க வுடுமா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கவுன் தயார். தையல்களை நானே இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டேன், அசையவில்லை. அக்குளில் ஒரு நூலை மட்டும் தொங்க விட்டிருக்கிறேன். அது எந்தத் தையலிலும் சேராத நூல். உள்பக்கம் ஒரு சின்னப் பை தைத்து, ஒரு முழு நூல்கண்டையும் சுற்றி அதற்குள் வைத்திருக்கிறேன். பத்தர் இரண்டு காதையும் குத்தி முடிக்கிறவரை வரும்.