முள் வைத்த தலைவர்கள்

"தள்ளாதே, தள்ளாதே" என்ற கூச்சல்தான் முதலில் கேட்கும். அப்புறம் புழுதி தெரியும். புழுதி கொஞ்சம் அடங்கினால், ஒரு காட்டில் கோடைக்கு மிஞ்சியிருந்த ஒரே குட்டையும், அதைச் சுற்றி ஒன்றையொன்று மிதித்துக்கொண்டிருந்த மிருகங்களும் தெரியும்.

காட்டுக்குத் தலைவர் சிங்கம். அவர் சும்மா இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. முதலில் கர்ஜித்துப் பார்த்தார். எல்லாம் சிதறி ஓடி, அவர் தலை மறைந்ததும் இன்னும் அதிகத் தாகத்தோடு திரும்பி வந்தன. பிறகு வரிசைக்கு டோக்கன் கொடுத்தார். அரச இலையில் கொடுத்த டோக்கன். முறை வருவதற்குள் மான்கள் அதைத் தின்றுவிட்டன.

பேச்சி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். ஒரு நாள் மிதிபட்ட காலோடு கரையில் உட்கார்ந்திருந்தவள், தண்ணீரில் வாய் வைக்கப்போன காட்டெருமையிடம் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, உங்களுக்குப் பின்னால யாரு நிக்கிறா?"

காட்டெருமைக்கு முன்னால் இருப்பவரை முட்டித்தான் பழக்கம். பின்னால் பார்த்ததே இல்லை. திரும்பினால், குட்டியை வயிற்றடியில் ஒளித்தபடி ஒரு மான் நடுங்கிக்கொண்டு நின்றது. "நீ போம்மா முதல்ல" என்று காட்டெருமை ஒதுங்கிக்கொண்டது. மானும் பின்னால் பார்த்தது. அங்கே ஒரு நொண்டி முயல். அன்று கடைசியில் நின்ற ஆமைக்குத்தான் முதல் வாய்த் தண்ணீர் கிடைத்தது. அது வந்து சேரத்தான் கொஞ்சம் நேரமானது.

அன்றிலிருந்து பேச்சி தினமும் கரைக்கு வந்து அந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முள்ளை ஒருமுறைகூடச் சிலிர்த்ததில்லை. அவள் கணவன் சுடலைக்குத்தான் இது பிடிக்கவில்லை. பதவி உண்டா, பட்டம் உண்டா, குட்டைக்கரையில் வெட்டியாக நிற்பதற்குப் பெயர் வேலையா என்று கேட்பான். அவள் கரைக்குக் கிளம்பிவிடுவாள்.

நெரிசல் நின்ற சங்கதி சிங்கத்துக்கு எட்டியது. பக்கத்துக் காட்டிலிருந்து நிர்வாகவியல் நிபுணரான நரியாரை வரவழைத்தார். நரியார் எதிர்க்கரைக்கும் அப்பால் ஒரு பாறையில், நிழலாக இடம் பார்த்து உட்கார்ந்து ஆராய்ந்தார். அவ்வளவு தூரத்துக்குப் பேச்சு கேட்கவில்லை. முள் மட்டும் நன்றாகத் தெரிந்தது. 'முள்ளே தலைமை' என்று முடிவு சொன்னார்.

அதன்பிறகு காட்டில் முள் இல்லாத அதிகாரி இல்லை. சிங்கம் பிடரியில் இலந்தை முள் கட்டிக்கொண்டார். கரடி முதுகில் கருவேல முள்ளைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் சாய முடியாமல் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

ஒரு கோடையின் கடைசியில் அறிவிப்பு வந்தது. நிர்வாகச் சிந்தனையின் முன்னோடிகளுக்குப் பெயர்ப்பலகை திறக்கப் போகிறார்களாம். குட்டையில் நெரிசலை நிறுத்தியவருக்கு அதில் முதலிடமாம். பேச்சி சுடலையிடம் ஒன்றும் விளக்கவில்லை. பலகைக்கு முன்னால் அவனை நிறுத்தி, 'படி' என்று சொன்னால் போதும். முள்ளையெல்லாம் படிய வாரிக்கொண்டு அவனையும் கூட்டிப் போனாள்.

திரை விலகியது. மேலே சிங்கத்தின் பெயர், கீழே நரியாரின் பெயர். அவ்வளவுதான்.

பேச்சி எழுந்து நின்றாள். "ஐயா, குட்டையில அதை ஆரம்பிச்சது நான்தான்" என்றாள்.

நரியார் அவளை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. நம் கொள்கையை உடம்பெல்லாம் இவ்வளவு தத்ரூபமாகக் கடைப்பிடித்திருக்கும் இந்த அம்மாவை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று மேடைக்கு அழைத்தார். முள் அலங்காரத்தில் இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் குடம். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

திரும்பும்போது சுடலை அவள் கையிலிருந்த குடத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு கேட்டான்.

"முதல் பரிசு யாருக்காம்?"

"சிங்கத்துக்கு."

"அவருக்கு ஏது முள்ளு?"

"கட்டிக்கிட்டாரு."

சுடலை குடத்தை அவளிடமிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

விழா முடிந்த கூட்டம் தாகத்தோடு குட்டைக்கு வந்து சேர்ந்திருந்தது. முள் கட்டிய அதிகாரிகள்தான் முன்னால். கரடி தண்ணீரை நோக்கிக் குனிந்தார். பேச்சி பக்கத்தில் போய் நின்று, "ஐயா, உங்களுக்குப் பின்னால யாரு நிக்கிறா?" என்று கேட்டாள்.

நீதி: முள்ளோடு பிறந்தவர்கள் முதல் பரிசுக்கு ஆசைப்படக் கூடாது, அது கட்டிக்கொண்டவர்களின் உழைப்புக்கு உரியது.