நண்டு வாகனம்

“ராட்சதக் காக்கை மேல ஏறிக்கிறேன் சார்” என்றான் குஞ்சிதபாதம்.

கண்காணிப்பாளர் அம்பலவாணன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

“எனக்கு ஏழரைச் சனி நடக்குது. சனிக்கிழமை தவறாம திருநள்ளாறு போறேன். என் வீட்டுலயே உக்காந்துக்கிட்டு அவரு வாகனத்து மேல ஏறுவியா?”

அவருடைய மாப்பிள்ளை பாரீசிலிருந்து கொண்டுவந்த ஆட்டம் அது. காய் கிடையாது, கட்டம் கிடையாது. அம்பலவாணன் பிரெஞ்சுப் புத்தகத்தைப் பார்த்துக் கதை சொல்வார். அவருடைய குமாஸ்தாக்கள் மூவரும் வீரர்களாகிப் பகடை உருட்டி மலை தாண்ட வேண்டும். குதிரை கூடாது, விசித்திரமான பிராணிதான் வேண்டும். அது ஆளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சுமக்கச் சம்மதிக்கவும் வேண்டும். பிராணிகளுக்காகப் பேசுவதும் அம்பலவாணன்தான்.

ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின. வராமலிருக்க முடியாது. அலுவலகத்திலிருந்து இரண்டு பேருக்கு ஆந்திரப் பக்கம் இருக்கும் யானாமுக்கு மாற்றல் என்று பேச்சு. பெயர் சொல்லப்போவது அம்பலவாணன். குஞ்சிதபாதத்துக்குத் தெலுங்கில் ஒரு எழுத்து தெரியாது. மனைவி சௌந்தரவல்லிக்கு எட்டாம் மாதம். “யானாம்னா, பொறக்கற புள்ளைக்கு உங்க மூஞ்சிய போட்டோவுலதான் காட்டணும்” என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

“சரிங்க சார், எருமை.”

கூடத்தின் மூலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்பலவாணன் மனைவி வடிவாம்பாள் சட்டென்று தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எமனை வீட்டுக்கே அழைச்சுக்கிட்டு வந்துட்டியா?” என்றார் அவள் கணவர்.

“மயில்...”

“முருகன் எறங்கி நடக்கணுமா?”

“கழுதை சார்.”

“மூதேவி!”

அது வாகனத்தைச் சொன்னதா, தன்னைச் சொன்னதா என்று குஞ்சிதபாதத்துக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

“மூஞ்சூறு?”

“ஆளைவிடப் பெருசா இருக்கணும்னு விதி இருக்குல்ல?”

“பிள்ளையார் ஏறுறாரே சார்.”

“அவருக்கு விதி கிடையாது. உனக்கு உண்டு.”

மற்ற இரண்டு குமாஸ்தாக்களில் பூமிநாதன் எழுந்துவிட்டான். “மாட்டுக்குத் தண்ணி காட்டணும் சார்” என்று செருப்பை மாட்டினான். அடுத்து, முதலை கேட்டு, கங்கையம்மனுடையது என்று திட்டு வாங்கிய கருப்பையனும் எழுந்தான். “இதுக்கு அம்பகரத்தூர் பஸ்சுல படியில தொங்கிக்கிட்டே போயிடுவேன் சார்.”

அம்பலவாணன் வாசலையே பார்த்தபடி இருந்தார். குஞ்சிதபாதம் மனசுக்குள் எண்ணினான்: பூமிநாதன் ஒன்று, கருப்பையன் இரண்டு. யானாமுக்கு ஆள் கிடைத்தாயிற்று. பாவம்தான். ஆனால் இப்போது தான் மட்டும் எழுந்திருக்கக் கூடாது.

சாமிகள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நாய், கிளி, ஆடு, பாம்பு, கழுகு எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. மனுஷனுக்கென்று ஒரு பிராணிகூட இல்லாத உலகத்தில் எதற்குப் பிறந்தோம் என்று தோன்றியது. பிறகு, போன வாரம் காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் கூடையை விட்டு ஓடியது நினைவுக்கு வந்தது.

“நண்டு சார். வண்டி அளவுக்குப் பெரிய நண்டு.”

அம்பலவாணன் கண்ணை மூடி எல்லாச் சாமிகளையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“நண்டு யாருக்கும் இல்லை! ஆனா அது பக்கவாட்டுலதான் போகும். போற எடத்துக்குத்தான் நீயும் போகணும். நடுவுல எறங்க முடியாது.”

“பரவால்லைங்க சார்.”

அவர் குரலைத் தாழ்த்தி நண்டாகவே கேட்டார். “கடைசி வரைக்கும் என்கூட வருவியா?”

“வர்றேன் சார்.”

“எறங்கிட மாட்டியே?”

“சத்தியமா மாட்டேன் சார்.”

அவர் கண் கலங்கியது. அவன் தோளை அழுத்திவிட்டு உள்ளே போனார்.

தப்பித்தோம் என்று குஞ்சிதபாதம் மூச்சு விட்டான். வடிவாம்பாள் கீரைக்காம்புகளை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“இப்பதான் தம்பி நிம்மதி, யானாமுக்கு இவரையும் இவரு கூட ஒரு குமாஸ்தாவையும் போகச் சொல்லிட்டாங்களாம், எந்திரிச்சு ஓடாம கடைசி வரைக்கும் கூட இருக்கறவன் யாருன்னு ஒரு மாசமா பாத்துக்கிட்டே இருந்தாரு.”